உப்பளத்துக்குப் போன தண்டு

நம் வீட்டுப் பெண்கள் எவரும் ‘துருவேறா எஃகு’ என்று சொல்லி நாம் கேட்டதில்லை. ‘எவர்சில்வர்’ என்றே சொல்வார்கள். என்றென்றும் வெள்ளி! பித்தளைக்கும் செம்புக்கும் ஈயம் பூசுபவரை எதிர்பார்த்துக் காத்திருந்து, புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துக் கை ஓய்ந்துபோன ஒரு தலைமுறை, தன் அடுக்களைக்குள் வந்த புதிய உலோகத்தை மனம் நிறைந்து அழைத்த பெயர் அது. மகளுக்குச் சீர் அனுப்பும் நாளில் குடமும் தட்டும் சஹனும் பெயர் வெட்டப்பட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்போது, அவற்றுள் எது எந்த இனத்து எஃகு என்று கேட்பார் எவருமில்லை. பளபளப்பு இருக்கிறது, கனம் இருக்கிறது, கடைக்காரர் தெரிந்தவர். வேறென்ன வேண்டும்?

கடைசல் பட்டறை நடத்திப் பிழைக்கும் நாமும் அப்படி அறியாமல் இருந்தவர்கள்தாம் என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அது பொய். நமக்கு இனம் தெரியும். தெரிந்திருந்தும், ஒரு மாலைப்பொழுதின் அவசரத்துக்காக ஒரு தண்டைத் தவறான கம்பியில் கடைந்து கொடுத்தோம். அதனால் நாம் கெடவில்லை. நம்மை நம்பிய ஒருவர் கெட்டார். அதைச் சொல்லத்தான் இப்போது பேனாவை எடுத்தோம்.

வாப்பா 1984-ஆம் ஆண்டில் இரண்டு பழைய லேத்துகளோடு தூத்துக்குடியில் பட்டறையைத் தொடங்கினார்கள். தோணிகளுக்கும் விசைப்படகுகளுக்கும் வேண்டிய சாமான்கள், ஐஸ் ஆலைக்கு வேண்டிய புஷ்கள், உப்பளத்துப் பம்புகளின் தண்டுகள் என்று கடலையும் உப்பையும் நம்பிய வேலைகளே பெரும்பாலும் வரும். 1995-க்குப் பிறகு வாப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கிற்று. மைக்ரோமீட்டரின் கோடுகளைப் படிக்க இயலாமற்போன நாளில் அவர்கள் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டு, வாசலருகே நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்கள்.

1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், உம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியான மாமா ஒருவர், குத்தகைக்கு எடுத்த உப்பளத்திலிருந்து ஒரு பம்புத் தண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடி உப்பளங்களில் பலவற்றுக்கு நீர் நேரே கடலிலிருந்து வருவதில்லை. நிலத்தடியில் ஊறிக் கிடக்கும் உவர்நீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்துப் பாத்திகளுக்கு விடுவார்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. நிலத்தடி உவர்நீர் அதனினும் கடுமையானது. வெயிலில் சுண்டச் சுண்ட அது ஏறிக்கொண்டே போய், உப்புப் பூக்கும் தறுவாயில் லிட்டருக்கு 300 கிராமைத் தாண்டிவிடும். இந்த நீரை ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு மாற்றும் பம்பின் தண்டு அது. முன்பு எவரோ போட்ட சாதாரண இரும்பு. கரும்பைக் கடித்துத் துப்பியதுபோல் நார்நாராய்க் கிடந்தது.

“எவர்சில்வரில் போட்டுக் கொடு, மருமகனே. செலவு கொஞ்சம் கூடினாலும் சரி, இந்த உப்புக் காலம் முழுக்க நிற்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்கள்.

அடுக்கில் அதே குறுக்களவில் இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று 304, மற்றது 303. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எடையிலும் ஒன்றே. காந்தம் இரண்டிலும் ஒட்டாது. நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இரண்டுக்கும் பொது. வேற்றுமை ஒரு சிட்டிகை கந்தகம்தான். 304-இல் அதனை 0.03 சதவிகிதத்துக்கு மேற்படாமல் ஆலைக்காரர்கள் அடக்கி வைப்பார்கள். 303-இலோ வேண்டுமென்றே 0.15 சதவிகிதத்துக்குக் குறையாமல் சேர்ப்பார்கள். சேர்ப்பது யாருக்காக? நம்மைப் போன்ற கடைசல்காரர்களுக்காக.

லேத்தில் 304-ஐக் கடைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். அது பிடிவாதமான உலோகம். வெட்டுப்பட்ட சுருள் உடையாது; முழ நீளத்துக்கு நாடாவாக வளர்ந்து, சக்கைச் சுற்றிக்கொண்டு, ஆளின் கையைக் கிழிக்கப் பார்க்கும். டூல் சிறிது மழுங்கியிருந்தாலோ, இடையில் ஒரு கணம் தயங்கி நின்றாலோ, தேய்க்கப்பட்ட இடம் அங்கேயே இறுகி, அடுத்த வெட்டை ஏற்க மறுக்கும். அதனைத் தயங்காமல், கூரிய முனையால், ஆழமாக, ஒரே சீராக வெட்ட வேண்டும். எண்ணெய் நீர் விடாமல் பாய வேண்டும். மரை வெட்டும்போதோ பொறுமையின் எல்லையையே அது சோதிக்கும். 303-இல் இத்தொல்லை ஒன்றும் இல்லை. கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து எஃகினுள் நுண்ணிய இழைகளாகப் படிந்திருப்பதால், சுருள் அந்த இழைகளில் முறிந்து முறிந்து பொடிச் சில்லாய் உதிரும். டூல் நாட்பட உழைக்கும். மரை கண்ணாடிபோல் வரும்.

மாலைக்குள் முடிக்க வேண்டிய வேறொரு வேலை அன்று கைவசம் இருந்தது. 304-ஐ எடுத்தால் மறுநாள் நண்பகல் வரை இழுக்கும். கை 303-ஐ எடுத்தது. இதில் காசு மிச்சம் பிடிக்கவில்லை என்று நம் மனத்துக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். கம்பியின் விலையில் பெரிய வேறுபாடு கிடையாதுதான். மிச்சம் பிடித்தது அரை நாள். அந்த அரை நாள் நமக்கு. அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவர் வேறொருவர். ரசீதில் ‘எவர்சில்வர் ஷாஃப்ட் 1’ என்று எழுதினோம். எழுதியது பொய்யில்லை. அதுதான் அந்தப் பெயரில் உள்ள வசதி.

ஏப்ரலில், வெயில் உச்சத்தில் நின்று உப்பு நன்றாக விளையும் நாட்களில், தண்டின் மரைமுனை அரித்துப்போய் நட்டு கழன்றது. இம்பெல்லர் சரிந்து உறையோடு உரசித் தேய்ந்தது. பம்பு நின்றது. இம்பெல்லர் வார்ப்பதற்கும் சேர்த்து ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் பாத்திக்கு நீர் மாறவில்லை. உப்பு வாரும் பெண்கள் காலையில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அன்றாடக் கூலிக்காரர்களுக்கு வேலையில்லாத நாள் என்றால் என்னவென்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

மாமா சினத்தோடு வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். வந்தவர்கள் தண்டை மேசைமேல் வைத்துவிட்டு, உண்மையான வியப்போடு, “எவர்சில்வருமா துருப்பிடிக்கும், மருமகனே?” என்று கேட்டார்கள்.

“உப்பு அவ்வளவு கொடியது, மாமா” என்றோம்.

இதுவும் பொய்யில்லைதான்.

கூலி வாங்காமல் 316 என்னும் உயர்ந்த இனத்தில் புதிய தண்டு கடைந்து கொடுத்தோம். கம்பியின் விலையை மாமா கட்டாயப்படுத்திக் கையில் திணித்தார்கள். நமது பெருந்தன்மையைக் குடும்பத்தில் நாலு பேரிடம் சொன்னதாகவும் பின்னர் அறிந்தோம். அந்தப் புகழ் தொண்டையில் முள்ளாய் நின்றது.

அன்றிரவு பழைய தண்டின் முனையை ரம்பத்தால் அறுத்து, தேய்த்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தோம். பக்கவாட்டில் குழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. ஆனால் வெட்டுமுகத்தில், அதாவது கம்பியின் நுனியிலும் மரையின் பற்களிலும், கறையான் துளைத்த விட்டம்போல் புள்ளி புள்ளியாய்த் துளைகள். கந்தக இழைகள் கம்பியின் நீளவாட்டத்தில் ஓடுகின்றன. நாம் குறுக்கே வெட்டும் இடமெல்லாம் அவற்றின் வாய் திறந்துவிடுகிறது. உப்புநீர் முதலில் அந்த இழையைத் தின்று, அது இருந்த துளைக்குள் புகுந்துகொள்கிறது. கடைசல்காரனுக்கு எது வழிவிட்டதோ, அதுவே உப்புக்கும் வழிவிட்டது.

துருவேறா எஃகு துருவேறாமல் இருப்பது எப்படி என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதில் உள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு கூடி, மேற்பரப்பில் ஒரு படலத்தை விரித்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே அதன் கனம். கீறினால் அந்தக் கணமே மீண்டும் மூடிக்கொள்ளும். இந்தக் குணம் வருவதற்குக் குரோமியம் குறைந்தது 10.5 சதவிகிதமாவது இருக்க வேண்டும். ஆக, அந்த எஃகைக் காப்பது அதன் உடம்பன்று. அது போர்த்தியிருக்கும் ஒரு மெல்லிய துணி. உப்பில் உள்ள குளோரைடு அத்துணியில் ஓட்டை தேடிக்கொண்டே இருக்கும். ஓட்டை கிடைத்த இடத்தில் ஆக்சிஜன் எட்டவில்லையென்றால் துணி மீண்டும் நெய்யப்படாது. அங்கே குழி ஆழமாகிக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் ஊசி முனையளவுதான் தெரியும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-இல் துப்பாக்கிக் குழல் தேய்மானத்துக்கு மாற்றுத் தேடி, ஏறத்தாழ 13 சதவிகிதம் குரோமியம் கலந்த எஃகை வார்த்தார். குழலுக்கு ஆகாவிட்டாலும் அது மேசைக் கத்திக்கு ஆயிற்று. அதே காலத்தில், 1912-இல், ஜெர்மனியின் எசன் நகரத்து குருப் ஆலையில் ஸ்ட்ராவுஸ், மாவ்ரர் என்னும் இருவர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்கு உரிமம் பெற்றனர். இன்று நம் கையில் உள்ள இனங்களில் பெரும்பாலானவை இந்த இரு கிளைகளின் பிள்ளைகளே. முதற்கிளை கடினமாகும், காந்தத்தை ஈர்க்கும், துருவை ஓரளவே தாங்கும். இரண்டாம் கிளை மிருதுவானது, காந்தத்தை ஏற்காது, துருவை நன்கு தாங்கும். ‘எவர்சில்வர்’ என்னும் ஒரே பெயர் இவ்விரண்டையும் போர்த்தி மறைத்துவிட்டது.

ஒன்றைத் தாழ்த்தி ஒன்றை உயர்த்துவது நம் நோக்கமன்று. 303-ஐ இன்றும் அடுக்கில் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் உலர்ந்து கிடக்கும் கருவியின் சிறு முளைகள், தராசின் ஊசிகள், நூற்றுக்கணக்கில் கடைய வேண்டிய மரையாணிகள் ஆகியவற்றுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அதனைப் பற்றவைத்தல் ஆகாது. கந்தகத்தால் ஒட்டு வெடித்துவிடும். இறைச்சிக் கத்தியை 304-இல் செய்து தரும்படி ஒரு அன்பர் வந்து நின்றார். அதைச் சூடேற்றி நீரில் தோய்த்தாலும் கடினமாகாது, கூர் நிற்காது. கத்திக்கு 420 வேண்டும், தேய்மானம் தாங்கும் உருளைகளுக்குக் கரி மிகுந்த 440சி வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். நல்ல தண்ணீர்க் கிணற்றுப் பம்புக்கு 410 போதும்; பல்லாண்டு நிற்கும். வலிமையும் வேண்டும், துருவும் ஆகாது என்னும் தண்டுகளுக்கு 17-4 என்றொரு இனம் உண்டு. அதை மிருதுவாக இருக்கும்போதே கடைந்துவிட்டு, ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் அளவு அதிகம் பிறழாமல் இறுகிவிடும். இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை, எவரும் படிக்கலாம். ஏட்டில் இல்லாத கேள்வி ஒன்றுதான்: இந்தச் சாமான் எங்கே வாழப் போகிறது? அதைக் கேட்காமல் கம்பியை எடுப்பவன், ஊரைக் கேட்காமல் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவன் போலத்தான்.

அடுக்களையிலும் இந்தக் கதை உண்டு. பாத்திரக் கடைக்குப் போகும் நம் பெண்கள் சிலர் கைப்பையில் காந்தம் கொண்டுபோகிறார்கள். ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்று எண்ணம். நிக்கல் விலை மிகுந்த உலோகம். 2022 மார்ச்சில் லண்டன் சந்தையில் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி வணிகத்தையே நிறுத்த நேர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைப் பெய்து 201, 202 என்னும் இனங்களை உண்டாக்கினார்கள். அவற்றிலும் காந்தம் ஒட்டாது! பளபளப்பிலும் குறைவில்லை. சோறு உண்ணும் தட்டுக்கு அது ஒன்றும் கேடில்லை. ஆனால் உப்பும் புளிப்பும் சேர்ந்த ஊறுகாயை மாதக்கணக்கில் அதில் போட்டு வைத்தால் அடியில் கருப்புப் புள்ளிகள் விழக்கூடும். ஊறுகாய்க்குப் பழைய பீங்கான் சாடியே மேல். மறுபுறம், காந்தம் ஒட்டுகிறது என்பதற்காக நல்ல கத்தியைத் தள்ளிவிடுவோரும் உண்டு. கடைந்த சாமானும் அப்படியே. தட்டி வளைத்த இடத்திலும் இறுகிய இடத்திலும் 304-கூடச் சிறிது காந்தத்தை இழுக்கும். காந்தம் சொல்வது பாதிச் செய்தி. மீதிக்கு, சொட்டு மருந்தும் சிறு மின்கலமும் கொண்ட நிறச் சோதனை உண்டு. இப்போது துப்பாக்கிபோல் கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியும் வந்திருக்கிறது. சில நொடிகளில் குரோமியம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு என்று காட்டிவிடும். கையடக்கமான அதற்குங்கூடக் கரியின் அளவு தெரியாது. ஆதலால் 304-க்கும் பற்றவைப்பதற்கான 304எல்-க்கும் அது வேறுபாடு சொல்லாது. ஆலைச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள வார்ப்பு எண்ணும் கம்பியில் அடித்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பதே நம் வழக்கம்.

கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளிவாசலுக்கு ஒளுச் செய்யுமிடத்தில் 304-இல் கைப்பிடிகள் செய்து கொடுத்தோம். ஆறே மாதத்தில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படர்ந்தது. உப்புக்காற்று ஒரு காரணம். இன்னொன்று நமது பையன்களின் வேலை: சாதா இரும்பைத் தேய்த்த அதே கம்பிப் பிரஷால் இதையும் தேய்த்திருந்தார்கள். அதில் ஒட்டியிருந்த இரும்புத் தூள் எஃகின்மேல் பதிந்து துருவேறியிருக்கிறது. அமிலம் தடவிக் கழுவிக் கொடுத்த பிறகு கறை வெகுவாகக் குறைந்தது.

மாமாவின் தண்டுக்கு வருவோம். 316-இல் 2 முதல் 3 சதவிகிதம் வரை மாலிப்டினம் என்னும் உலோகம் உண்டு. குளோரைடை எதிர்க்கும் வல்லமை அதனால் வருவது. அந்தக் கோடை முழுதும் தண்டு நன்றாகவே ஓடிற்று. நாமும் நெஞ்சில் இருந்த முள்ளை மறந்தோம். அக்டோபரில் மழை தொடங்க, உப்பு வேலை நின்றது. பம்பு உள்ளே உவர்நீரோடு அப்படியே மூடிக் கிடந்தது. 1999 ஜனவரியில் பிரித்துப் பார்த்தால், தண்டின் மற்ற இடமெல்லாம் பளபளக்க, கிளாண்டு பாக்கிங் இறுக்கிப் பிடித்திருந்த இடத்தில் மட்டும் வளையமாய்க் குழிகள்! ஓடும் நீரில் படலத்துக்கு ஆக்சிஜன் கிடைத்தது. நின்றுபோன நீரில், பாக்கிங்குக்கு அடியில், மூச்சு முட்டிப் போயிற்று. பாக்கிங்கில் கிராஃபைட் வேறு இருந்தது. உப்புநீரில் எஃகுக்குப் பக்கத்தில் கிராஃபைட் இருந்தால் எஃகைத்தான் அரிப்பு தின்னும்.

அன்று மாலை வாசலில் அமர்ந்திருந்த வாப்பா அந்தத் தண்டைக் கேட்டார்கள். தடவிப் பார்த்தார்கள். பிறகு, முன்னது எங்கே என்றார்கள். அறுத்த முனையோடு மேசை இழுப்பறையில் கிடந்த பழைய தண்டைக் கொடுத்தோம். அரிக்காமல் எஞ்சியிருந்த மரைப்பகுதியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது 303” என்றார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டோம்.

“304-இல் இவ்வளவு வழுவழுப்பாக மரை வெட்ட உனக்குப் பொறுமை கிடையாது.”

சற்று நேரம் சென்றபின், “மாமாவிடம் சொன்னாயா?” என்று கேட்டார்கள். இல்லையென்றோம். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் ஒரே சஹனில்தான் அமர்ந்தோம். எப்போதும்போல் மீனின் நடுத்துண்டை நம் பக்கம் தள்ளி வைத்தார்கள். திட்டியிருந்தால் உண்டிருப்போம்.

மறுநாள் காலை உப்பளத்துக்கே போனோம். பாத்திகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவிடம், சென்ற ஆண்டு போட்டது உப்புக்கு ஆகாத கம்பி என்பதையும், ஆகாதென்று தெரிந்தே போட்டோம் என்பதையும் சொன்னோம். அவர்கள் நெடுநேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என் நட்டம் இருக்கட்டும். பதினொரு பேர் ஒன்பது நாள் சும்மா போனார்கள். பாதிக் கூலியை நான் கொடுத்தேன்” என்றார்கள். மீதிப் பாதியை அந்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தோம். பதினொருவரில் இருவர் அதற்குள் வேறு உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அரை நாள் மிச்சம் பிடித்தவன் செலவழித்த நாட்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

மாமா வேறு பட்டறைக்குப் போகவில்லை. ஆனால் அன்றுமுதல் ‘எவர்சில்வர்’ என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். “எண் என்ன, மருமகனே?” என்றே கேட்பார்கள். ரசீதில் எண்ணை எழுதுவதும், சாமானின் நுனியில் எண்ணைக் குத்துவதும் அப்போதுதான் நம் பட்டறையில் வழக்கமாயின.

அடுத்த சில ஆண்டுகள் 316-ஐக் கொண்டே ஓட்டினோம். கிராஃபைட் இல்லாத பாக்கிங் போட்டு, மழைக்காலத்துக்கு முன் பம்பைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கச் சொன்னோம். அந்தக் கழுவல், கம்பியின் இனத்தை மாற்றியதற்கு நிகரான பலனைத் தந்தது என்பதை அடக்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2004-இல்தான் பம்பாயிலிருந்து 2205 என்னும் கம்பி தருவித்தோம். டூப்ளெக்ஸ் என்பார்கள், இரண்டு கிளைகளின் படிகங்களும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்தது. குழி விழுவதை எதிர்க்கும் திறனுக்குப் பொறியாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குரோமியத்தின் சதவிகிதத்தோடு, மாலிப்டினத்தை 3.3-ஆலும் நைட்ரஜனை 16-ஆலும் பெருக்கிக் கூட்டுவது. 304-க்கு 18, 19 வரும். 316-க்கு 24. 2205-க்கு 35-ஐ ஒட்டி வரும். கடல்நீரில் கவலையின்றிக் கிடக்க 40 வேண்டும் என்பார்கள். ஆகவே 2205-உம் சிரஞ்சீவியன்று. இக்கணக்கின்படி 303-க்கும் 18 வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். கந்தகம் செய்யும் சூது இக்கணக்குக்குத் தெரியாது.

கடைவதற்கு 2205 ஒரு ராட்சசன். 316-ஐப் போல் இரு மடங்கு வலிமை. கார்பைடு முனைகளைத் தின்றது. முதல் தண்டை முடிக்க இரண்டு முழுநாள் ஆயிற்று. வாப்பா வாசலில் அமர்ந்தபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டூல் மழுங்கும்போதெல்லாம் நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்தது.

வாப்பா 2009-இலும் மாமா 2014-இலும் மவுத்தானார்கள். இப்போது உப்பளத்தைப் பார்ப்பது மாமாவின் மகன். படித்த பிள்ளை, கோவையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சென்ற ஆண்டு மழைக்கு முன் பம்பைப் பிரித்தவர், தண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். முகம் சரியில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துத் தண்டின்மேல் வைத்தார். சடக்கென்று ஒட்டிக்கொண்டது.

“மச்சான், தப்பாக நினைக்காதீர்கள். காந்தம் ஒட்டுகிறதே! முன்னால் ஒரு தடவை நடந்ததை வாப்பா சொல்லியிருக்கிறார்கள்…” என்று இழுத்தார்.

கேட்க உரிமை உள்ளவர்தாம். டூப்ளெக்ஸில் பாதி முதற்கிளையின் படிகம், ஆகவே ஒட்டும் என்று விளக்கத் தொடங்கினோம். அவர் தலையாட்டினாரேயன்றி முகம் தெளியவில்லை. எழுந்துபோய் மேசை இழுப்பறையைத் திறந்து, 1998-இன் தண்டை எடுத்து அவர்முன் வைத்தோம். குழிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு காந்தத்தை 2205-லிருந்து பிடுங்கி அதன்மேல் வைத்தார்.

ஒட்டவில்லை, மேசையில் உருண்டு விழுந்தது.